8 ஜிபி பெட்டியில் ஒரு வீட்டு மீடியா சர்வர்: நாட்குறிப்பு

2025 ஜூன் 1, ஞாயிறு

சும்மா கிடந்த ஸ்ட்ரீமிங் பெட்டியில் இன்று லினக்ஸ் ஏறிவிட்டது. அதன் மேல் ஜெல்லிஃபின் சர்வர், அதாவது நம் படங்களை வீட்டுத் தொலைக்காட்சிகளுக்கு அனுப்பும் மென்பொருள். சிறிய செயலி (சிபியு), 2 ஜிபி நினைவகம், 8 ஜிபி உள்சேமிப்பு. எல்லாம் நிறுவி முடித்தபோது மிச்சம் இருந்தது 4 ஜிபிதான். ஆனால் மின்விசிறி இல்லை, சத்தம் இல்லை, இரவு பகலாக ஓடினாலும் மின்சாரம் அதிகம் தின்னாது. எந்நேரமும் விழித்திருக்க வேண்டிய வேலைக்கு இதுவே போதும் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஜெல்லிஃபினை எடுத்ததற்குக் காரணம் உண்டு. 2018 டிசம்பரில் எம்பி என்ற சர்வர் மென்பொருளிலிருந்து கிளைத்த திறந்த மூல மென்பொருள் இது. வெளியே யாரிடமும் கணக்குத் தொடங்க வேண்டாம்; இணையம் அறுந்து கிடந்தாலும் வீட்டுக்குள் படம் ஓடும். விலை கொடுத்து வாங்கிய சில வட்டுகளைத் தவிர, நான் இதில் வைக்கப்போவது பெரும்பாலும் குடும்ப ஒளிப்பதிவுகள்தான். பாட்டியின் குரல் அந்த நாடாக்களில் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அதைக் கேட்பதற்கு இன்னொருவரின் சர்வர் விழித்திருக்க வேண்டும் என்ற நிலையை நான் விரும்பவில்லை.

ஜூன் 5, வியாழன்

படங்கள் இருக்கப்போவது வெளி ஹார்ட் டிஸ்கில். இன்று முழுக்க அதற்கு மின்சாரம் போதாத கதை. செருகியதும் டிஸ்கிலிருந்து 'டிக், டிக்' என்று ஒரு சத்தம். சற்று நேரத்தில் கணினிப் பட்டியலிலிருந்தே மறைந்துவிடும். பிறகு தானாக வரும். யுஎஸ்பி 2.0 துளை 500 மில்லி ஆம்பியர்தான் தரக் கடமைப்பட்டது, 3.0 துளை 900. தட்டு சுழலத் தொடங்கும் முதல் சில நொடிகளில் டிஸ்க் கேட்பது அதைவிட அதிகம். தனி மின் இணைப்புள்ள யுஎஸ்பி ஹப் ஒன்றை நடுவில் வைத்தேன். சத்தம் நின்றது, மறைவதும் நின்றது.

டிஸ்கை எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் கோப்பு வடிவத்தில் ஃபார்மட் செய்தேன். பழைய ஃபேட்32 இங்கே எடுபடாது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. மினி டிவி (MiniDV) எனும் பழைய கேமராவின் சிறு டிஜிட்டல் நாடாவில் ஒரு மணி நேரமே 13 ஜிபி வருகிறது. எக்ஸ்ஃபேட்டில் அந்த வரம்பு இல்லைதான், ஆனால் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் மீட்டெடுக்க உதவும் ஜர்னல் அதில் கிடையாது. இப்போதுதான் டிஸ்க் தானாகக் கழன்றுகொண்டதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த ஜர்னல் வேண்டும், எக்ஸ்ட்4இல் அது உண்டு.

ஜூன் 8, ஞாயிறு

சர்வர் டிஸ்கில் உள்ளவற்றைப் படித்துப் பட்டியலிடும் முதல் ஸ்கேன். படம் ஒன்றும் உள்சேமிப்பில் இல்லை. ஆனாலும் உள்சேமிப்பு குறைந்துகொண்டே வந்தது. சிறிய பெட்டியில் சர்வர் நடத்துபவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான் என்பேன். இடத்தைப் பிடிப்பது நாம் வைக்கும் கோப்புகள் அல்ல, அவற்றைப் பார்த்துச் சர்வர் தானாக உண்டாக்கிக்கொள்ளும் கோப்புகள். போஸ்டர்கள், பின்னணிப் படங்கள், நடிகர்களின் முகங்கள், அத்தியாயப் படங்கள், அப்புறம் டிரிக்பிளே.

டிரிக்பிளே என்பது, ஓடும் படத்தின் கீழ்க்கோட்டில் விரலை இழுக்கும்போது மேலே தெரியும் குட்டிப் படங்கள். 10 நொடிக்கு ஒன்று, 320 பிக்சல் அகலம். இரண்டரை மணி நேரப் படத்துக்கு 9000 நொடி, ஆக 900 குட்டிப் படங்கள். அவற்றை நூறு நூறாக ஒரே தாளில் ஒட்டி ஒன்பது ஜேபெக் கோப்புகளாகச் சேமிக்கிறது. ஒரு படத்துக்கு இது ஒன்றுமில்லை. ஒரு நூலகத்துக்கே செய்தால் 4 ஜிபி எந்த மூலைக்கு? இடம்கூட இரண்டாம் பிரச்சினை. அந்த 900 படங்களைப் பிடுங்குவதற்குப் பெட்டி முழுப் படத்தையும் ஒருமுறை தானே ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்தச் செயலிக்கு அது விடிய விடிய வேலை.

வட்டிலிருந்து எடுத்த திரைப்படங்களுக்கு டிரிக்பிளேயை நிறுத்திவிட்டேன். அவற்றுக்கு அத்தியாயப் பிரிவுகள் இருக்கின்றன. குடும்பப் பதிவுகளுக்கு மட்டும் வைத்திருக்கிறேன். அங்கேதான் அது உயிர். பெயரில்லாத ஒரு மணி நேர நாடாவில் தாத்தா கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிக்கும் அரை நிமிடத்தை வேறு எப்படித் தேடிப் பிடிப்பது? ஜெல்லிஃபின் 10.10 பதிப்பிலிருந்து இந்தப் படங்களைக் காணொளியின் பக்கத்திலேயே சேமிக்கும் வசதி இருக்கிறது. அதை இயக்கியதும் அவை ஹார்ட் டிஸ்குக்குப் போய்விட்டன.

போஸ்டர் முதலிய தகவல் கோப்புறையையும் டிஸ்குக்கு மாற்றினேன். தரவுத்தளத்தை மட்டும் உள்ளேயே விட்டேன். அது எஸ்க்யூலைட் கோப்பு, அளவில் சிறியது, ஆனால் அடிக்கடி எழுதப்படுவது. சிறு சிறு தகவல்களை அங்குமிங்கும் தேடி எடுக்கச் சுழலும் டிஸ்கைவிட உள்சேமிப்பின் சில்லு வேகமானது. யுஎஸ்பி வடம் கழன்றாலும் நூலகத்தின் கணக்குப் புத்தகம் சேதமாகாது.

ஜூன் 11, புதன்

மூன்று நாளாகச் சீராக ஓடுகிறது.

ஜூன் 15, ஞாயிறு

அப்பா மாலையில் ஒரு படம் போட்டார். ஒரு மணி நேரம் சொச்சம் நன்றாக ஓடியது. பிறகு வட்டம் சுழல ஆரம்பித்தது, நிற்கவேயில்லை. "தம்பி, உன் பெட்டிக்கு மூச்சு வாங்குகிறது போலிருக்கிறது, வந்து பார்" என்று கூப்பிட்டார்.

செயலி அலட்டிக்கொள்ளவே இல்லை. உள்சேமிப்பு முழுதாக நிரம்பியிருந்தது. காரணத்தைத் தோண்டியெடுக்க இரவு ஆகிவிட்டது. அந்தக் கோப்பின் படப்பகுதி எச்.264 என்ற சுருக்க வடிவம், தொலைக்காட்சிக்கு அது சம்மதம். ஒலி மட்டும் டிடிஎஸ் என்ற வடிவம். அதைத் தொலைக்காட்சி ஏற்பதில்லை. எனவே சர்வர் படத்தைத் தொடாமல் ஒலியை மட்டும் மாற்றி, இரண்டையும் சேர்த்துச் சிறு சிறு துண்டுகளாக அனுப்பியிருக்கிறது. ஒலி மாற்றுவது இந்தச் செயலிக்குக்கூட இலேசான வேலை. ஆனால் அந்தத் துண்டுகள் ஒவ்வொன்றும், படப்பகுதியையும் சுமந்துகொண்டு, தற்காலிகக் கோப்புறையில் எழுதப்படுகின்றன. அந்தக் கோப்புறை இன்னும் உள்சேமிப்பில்தான் இருந்தது.

கணக்கு நேரானது. வினாடிக்கு 8 மெகாபிட் என்றால் 1 மெகாபைட். இரண்டு மணி நேரம் 7200 நொடி, ஆக 7.2 ஜிபி. என்னிடம் இருந்ததோ 4 ஜிபி. 4000 நொடிக்கான துண்டுகளோடு இடம் தீர்ந்தது, அதாவது 66 நிமிடம். அப்பாவின் படம் நின்ற இடமும் ஏறக்குறைய அதுவே. வேலை இலேசாக இருப்பதால் சர்வர் படம் ஓடும் வேகத்தைவிடப் பல மடங்கு வேகமாகத் துண்டுபோட்டுத் தள்ளுகிறது. அப்பா முதல் காட்சியில் இருக்கும்போதே பெட்டி நிரம்பியிருக்கும்.

இதற்கு அமைப்பில் இரண்டு தேர்வுகள் உண்டு: பார்ப்பவரைவிட ரொம்ப முன்னே ஓடாமல் நிறுத்திப் பிடிப்பது ஒன்று, பார்த்து முடித்த துண்டுகளை அழித்துவிடுவது இன்னொன்று. இரண்டும் தானாக இயங்குவதில்லை, நாமே போய் இயக்க வேண்டும். இரண்டாவதை இயக்கினால் வழக்கப்படி கடைசி 720 நொடித் துண்டுகளை மட்டும் வைத்துக்கொள்ளும். இரண்டையும் இயக்கினேன், தற்காலிகக் கோப்புறையையும் டிஸ்குக்கு அனுப்பினேன். துண்டுகளை நினைவகத்திலேயே வைக்கலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். 2 ஜிபி நினைவகத்தில் அது நடக்காது.

ஜூன் 19, வியாழன்

ஞாயிறன்று செய்தது முதலுதவி. இன்று வைத்தியம்.

துண்டுகள் எங்கே போய்ச் சேர்ந்தாலும், அவற்றை உண்டாக்கவே தேவையில்லாமல் செய்வதுதான் சிறு பெட்டிக்கு அழகு. கோப்பைத் தொலைக்காட்சி அப்படியே ஏற்றால் சர்வருக்கு வேலையே இல்லை. டிஸ்கிலிருந்து எடுத்துக் கம்பியில் விடவேண்டியதுதான். டைரக்ட் பிளே என்பது அதுதான். அந்த நிலையில் இந்தப் பெட்டி பெரிய கணினிக்குச் சற்றும் சளைத்ததல்ல. ஆகவே மேசைக் கணினியில் எஃப்எஃப்எம்பெக் என்ற வடிவம் மாற்றும் மென்பொருள் கொண்டு டிடிஎஸ் மட்டுமே உள்ள கோப்புகள் ஒவ்வொன்றிலும் தொலைக்காட்சி ஏற்கும் ஏஏசி ஒலித்தடம் ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்து, அதையே முதன்மைத் தடமாக்கி வருகிறேன். படம் பிட்டுக்குப் பிட்டு நகலாகிறது, தரத்தில் ஒரு துளியும் குறைவதில்லை. டிடிஎஸ் தடமும் அப்படியே இருக்கும். ஒரு படத்துக்குச் சில நிமிடங்கள்.

வட்டுகளிலிருந்து வரும் பிஜிஎஸ் சப்டைட்டில்களும் இதே ரகம்தான், ஆனால் இன்னும் பொல்லாதவை. அவை எழுத்து அல்ல, படங்கள். அவற்றைக் காட்டத் தெரியாத தொலைக்காட்சிக்காகச் சர்வர் ஒவ்வொரு சட்டத்தின் மேலும் அச்சடித்து, முழுப் படத்தையும் மறுபடி என்கோட் செய்ய, அதாவது புதிதாகச் சுருக்கி எழுத, வேண்டியிருக்கிறது. ஒலிக்குத் தப்பித்த செயலி இங்கே மண்ணைக் கவ்வும். அவற்றுக்குப் பதில் எழுத்து வடிவ எஸ்ஆர்டி கோப்புகளை வைக்கிறேன்.

ஜூன் 22, ஞாயிறு

மின்சாரம் போய் வந்தது. பெட்டி உடனே எழுந்துவிட்டது. டிஸ்க் எழச் சற்றுத் தாமதம். அந்த இடைவெளியில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. டிஸ்க் வந்து பொருந்த வேண்டிய கோப்புறை, டிஸ்க் இல்லாதபோது உள்சேமிப்பின் வெறும் கோப்புறைதான். சர்வருக்கு வித்தியாசம் தெரியாது. படங்கள் இருந்த இடம் காலியாகத் தெரியும். தற்காலிகத் துண்டுகளோ மறுபடி உள்ளேயே எழுதப்படும். பிறகு டிஸ்க் வந்து மேலே உட்கார்ந்துகொண்டால் அந்தத் துண்டுகள் கண்ணிலும் படாது, இடத்தையும் விடாது.

இரண்டு தாழ்ப்பாள் போட்டேன். டிஸ்க் இணைந்த பிறகே ஜெல்லிஃபின் தொடங்க வேண்டும் என்று, லினக்ஸில் நிரல்களைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டியின் அமைப்பில் ஒரு வரி. அந்த வெற்றுக் கோப்புறையில் எவரும் எதையும் எழுத முடியாதபடி, டிஸ்க் இல்லாத நேரத்தில் அதற்கு ஒரு பூட்டு. வேண்டுமென்றே வடத்தைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியை இயக்கிப் பார்த்தேன். சர்வர் எழ மறுத்தது. திருப்தி.

ஜூன் 26, வியாழன்

நாடாக்களின் முறை. மினி டிவி படம் இன்டர்லேஸ் ஆனது: வினாடிக்கு 25 சட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் வெவ்வேறு கணத்தில் பிடிக்கப்பட்டவை. அப்படியே காட்டினால் ஓடும் குழந்தையின் கையோரம் சீப்பின் பற்கள்போலக் கிழிபடும். இரண்டு பாதிகளையும் தனித்தனிச் சட்டமாக விரித்து வினாடிக்கு 50 ஆக்கினால் கிழிசலும் போகும், அசைவும் நாடாவில் இருந்த அதே வழுக்கலோடு வரும். 25 ஆக மடக்கினால் கோப்பு சற்றுச் சிறிதாகலாம், ஆனால் அசைவின் பாதி போய்விடும். இந்த முகங்களை மறுபடி படம்பிடிக்க முடியாது, 50தான்.

எச்.264, வினாடிக்கு 4 மெகாபிட். மணிக்கு 13 ஜிபி இருந்தது 1.8 ஜிபி ஆகிறது. மூலக் கோப்புகளை அழிக்கவில்லை. அவை தனி டிஸ்கில் அலமாரிக்குப் போகின்றன.

ஜூலை 5, சனி

அம்மாவுக்குக் காது சற்று மந்தம். நாடாவில் பாட்டி பேசுவதோ ஒலிவாங்கிக்கு எட்டாத தூரத்தில். அதனால் நானும் அம்மாவும் உட்கார்ந்து அந்தப் பேச்சைச் சப்டைட்டிலாக எழுத்தில் இறக்குகிறோம். ஹெட்ஃபோன் போட்டு வாக்கியம் வாக்கியமாக நான் கேட்டுச் சொல்ல, சந்தேகமான இடங்களை அம்மா தீர்த்துவைக்கிறார். "அது 'வச்சுட்டு' இல்லை தம்பி, 'வச்சுக்கிட்டு'. எங்கள் அம்மா அப்படித்தான் சொல்வார்." அப்படியே தட்டச்சு செய்தேன். அவர் பேசியது பேசியபடி இருக்க வேண்டும்.

எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் எடுக்கிறது, ஆங்கில எழுத்தைப்போல மூன்று மடங்கு. அப்படியிருந்தும் ஒரு மணி நேரப் பேச்சு 100 கிலோபைட்டைத் தொடவில்லை. இந்தப் பெட்டியிலேயே இடத்துக்கு அஞ்சாமல் சேர்த்துக்கொண்டே போகக்கூடிய பொருள் இது ஒன்றுதான்.

கூடத்துத் தொலைக்காட்சியில் போட்டதும் எழுத்துகள் சிதறின. 'கேளு' என்பதில் க தனியே நிற்க, அதற்குப் பின்னால் புள்ளி வட்டத்தோடு ஏ-க்குரிய கொம்பு. கோப்பில் பிழையில்லை. கொம்பு கோப்பில் மெய்க்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. திரையில் அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது படத்தைக் காட்டும் தொலைக்காட்சி ஆப்பின் பொறுப்பு. அந்த ஆப் அதைச் செய்யவில்லை. இன்னொரு ஆப் எழுத்துகளை ஒழுங்காகக் கோத்துக் காட்டுகிறது, ஆகவே கூடத்தில் இனி அதுதான். சப்டைட்டிலைப் படத்தின் மேலேயே அச்சடித்துவிட்டால் எந்த ஆப்பிலும் தெரியும் என்று ஒரு வழி இருக்கிறது. எனக்கு மனம் ஒப்பவில்லை. நாளைக்கு ஒரு சொல்லை அம்மா திருத்தினால் ஒரு வரியை மாற்ற வேண்டியதுதான். முழுப் படத்தையும் மறுபடி என்கோட் செய்வதா?

ஜூலை 13, ஞாயிறு

உள்சேமிப்பில் 3 ஜிபிக்கு மேல் காலியாகவே இருக்கிறது, அது அசைவதில்லை. சர்வர் எழுதும் பதிவேடுகளை (லாக்) நினைவகத்தில் வைத்து அவ்வப்போது மட்டும் உள்ளே எழுதும்படி செய்திருக்கிறேன், சில்லின் ஆயுளுக்காக. நேற்று இரண்டு அறைகளில் இரண்டு படங்கள் ஒரே நேரத்தில் டைரக்ட் பிளேயில் ஓடின. செயலி ஏறக்குறையச் சும்மா இருந்தது.

மீதமிருந்தது காப்பு நகல். வாரம் ஒருமுறை விடியற்காலையில் ஜெல்லிஃபினை நிறுத்தி, அதன் தரவுக் கோப்புறையை நகலெடுத்து, மறுபடி தொடங்கும் ஒரு சிறு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஓடிக்கொண்டிருக்கும்போது தரவுத்தளத்தை நகலெடுத்தால் பாதி எழுதிய நிலையில் பிடிபடலாம், அதனால்தான் நிறுத்துவது. நாடாக்களின் மூலக் கோப்புகளும் எஸ்ஆர்டி கோப்புகளும் இன்னொரு டிஸ்கில் ஏறி இன்று மாலை அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டன. அடுத்தது 1990களின் விஎச்எஸ் நாடாக்கள். அதற்கு ஓடுகிற நிலையில் ஒரு பிளேயர் முதலில் கிடைக்க வேண்டும்.