தள்ளுபடி விலையை நம்பாதீர்கள், வகுத்துப் பாருங்கள்

டிமார்ட் மாதிரிக் கடைகளில் எம்ஆர்பியிலிருந்து எவ்வளவு குறைத்திருக்கிறார்கள் என்பதைப் பார்த்து வாங்கக் கூடாது. கிலோவுக்கு, லிட்டருக்கு என்ன விலை என்பதுதான் கணக்கு. பாக்கெட்டில் அச்சிட்ட அலகு விலை எம்ஆர்பியை வைத்துப் போட்டது. தள்ளுபடிக்குப் பிறகு அது பொருந்தாது, கைபேசியில் நாமே வகுக்க வேண்டும்.

அதிகம் ஏமாறுவது எண்ணெயில். ஒரு லிட்டர் பாக்கெட் 155 ரூபாய், பக்கத்தில் அதே உயரத்தில் இன்னொன்று 136 ரூபாய் என்றால் கை இரண்டாவதற்குத்தான் போகும். அதில் 850 மில்லிதான் இருக்கும். லிட்டருக்கு 160 ஆகிவிடுகிறது! எடையையும் பாருங்கள்: ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம், அதைவிடக் குறைவாகப் போட்டிருந்தால் முழு லிட்டர் இல்லை.

பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்பதும் இல்லை. இரண்டு அரைக் கிலோ, ஒரு கிலோவைவிடக் குறைவாக வரும் நாட்கள் உண்டு. ரவை, மைதா எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ஒரு மாதத்துக்கு மேல் சேர்க்காதீர்கள், வண்டு வந்துவிடும். ரவையை வாங்கியதும் வெறும் வாணலியில் வறுத்து, நன்றாக ஆறிய பிறகு டப்பாவில் போடுங்கள். சூட்டோடு மூடினால் வேர்த்துக் கட்டியாகிவிடும்.

ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்றால் முதலில் காலாவதித் தேதி. பிஸ்கட், மசாலாப் பொடியில் அந்தத் தேதி நெருங்கிவிட்டதே காரணமாக இருக்கலாம்.