அ ஆ சொல்லித்தர எதுக்கு மக்கா பொம்மை

லோக்கல் கேபிள்ல போடுற மாதிரி சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு பொம்மை ப்ரோகிராம் பண்ணலாம்னு நாங்க நாலஞ்சு பேரு கொஞ்ச நாளா மண்டைய உடைச்சுக்கிட்டு இருக்கோம், அமெரிக்க டிவியில பிள்ளைகளுக்கு வர பொம்மை ஷோ செசமி ஸ்ட்ரீட் மாதிரி, ஆனா நம்ம குமரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு. சொன்னதும் எல்லாரும் சொல்லுறது ஒண்ணுதான், "இதுக்கு எதுக்கு இந்தப் பாடு, யூடியூப்ல கெடக்கத எடுத்து தமிழ்ல பேசிப் போட்டா போச்சு". போகாது. ஏன்னு இங்க எழுதி வைக்கேன், அடுத்து கேக்கவங்களுக்கு லிங்க் அனுப்பிரலாம்.

டப்பிங் ஒரு கிளிப்புக்கு முயற்சி பண்ணிப் பாத்தோம். அந்த பொம்மைகளுக்கு நடிப்பே வாய்தான். கைய தலைக்குள்ள விட்டு, மேல இருக்க நாலு விரல ஆட்டாம, கட்டைவிரல மட்டும் கீழ எறக்கி, சொல்லுல ஒவ்வொரு அசைக்கும் ஒருக்கா வாயத் தொறந்து மூடணும், கைய தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சுக்கிட்டு மானிட்டரப் பாத்தே பண்ணணும். இங்கிலீஷ் பொம்மை ரெண்டு தடவ வாயத் தொறந்து மூடி வேலைய முடிச்சிட்டு, நம்ம ஆளு இன்னும் "இஞ்ச வாயேம் மக்களே"ல பாதியில நிக்காரு. ஜெர்மனியிலயும் 1973ல செசமி ஸ்ட்ரீட்ட இப்படி டப் பண்ணித்தான் ஆரம்பிச்சாங்க, பவேரியாவுல இருந்த டிவி நிலையம் போடவே மாட்டேன்னுட்டு, பொறவு 1978ல சொந்தமா ஒரு தெரு செட்டு போட்டு சாம்சன்னு ஒரு கரடிய எறக்குனாங்க.

ஆனா மொழியும் செட்டும் அப்புறம், மொதல்ல என்னத்த சொல்லித்தரப் போறோம்? 1969 நவம்பர் 10ம் தேதி அமெரிக்காவுல அந்த ஷோ ஆரம்பிச்சப்போ அவங்களுக்கு அதுல ஒரு தெளிவு இருந்துச்சு, காசில்லாத வீட்டுப் பிள்ளைக பள்ளிக்கூடம் சேரும்போதே பின்தங்கிப் போகுது, அதுக்கு வீட்டுல இருக்க டிவி வழியா எழுத்தும் எண்ணும் குடுப்போம்னு. 2000ல எகிப்துக்குப் போனப்போ பொம்பளப்பிள்ளைக படிப்புதான் பெரிய விஷயம், கோக்கான்னு ஒரு பெண் பொம்மை வந்துச்சு. 2002ல தென்னாப்பிரிக்காவுல எச்ஐவி உள்ள காமின்னு ஒரு பொம்மைய கொண்டு வந்தாங்க, ஏன்னா அங்க பிள்ளைகளுக்கு அதுதான் பக்கத்து வீட்டுக் கதை. ஒவ்வொரு ஊர்லயும் மொதல்ல அந்த ஊர் வாத்தியாருகளையும் டாக்டர்களையும் உக்கார வச்சு, இங்க பிள்ளைகளுக்கு என்ன வேணும்னு கேட்டுட்டுத்தான் பொம்மையே தைக்காங்க.

நம்ம மாவட்டத்துக்கு அந்தக் கேள்வியக் கேட்டா எழுத்து வராது. 2011 சென்சஸ்ல எழுத்தறிவுல தமிழ்நாட்டுலயே மொத இடம் நாமதான், கிட்டத்தட்ட 92 சதவீதம். பால் பல்லு விழுகதுக்கு முன்னாடியே டை கட்டி எல்கேஜி வேன்ல ஏத்தி விட்டுருதோம், அதுக்கு மேல பொம்மையும் வந்து அ ஆ இ ஈன்னா பிள்ளை எங்கதான் போகும் பாவம். இது என் கருத்து, எங்க குரூப்லயே ரெண்டு பேருக்கு இதுல கோவம்.

பால்வாடி டீச்சர்மாருகிட்டயும் அம்மாமாருகிட்டயும் பேசுனப்போ சுத்திச் சுத்தி வந்தது வேற விஷயம், அப்பா வீட்டுல இல்ல. தூத்தூர் பக்கம் ஆழ்கடலுக்குப் போறவங்க கொச்சியில இருந்து போட்டுல கெளம்புனா வாரக்கணக்குல கடல்ல, இந்தப் பக்கம் வந்தா கல்ஃப்ல. கல்ஃப் அப்பாவையாவது வீடியோ கால்ல பாக்கலாம், கடல்ல போன அப்பாவுக்கு டவரே கெடையாது. பிள்ளை ராத்திரி சோறு திங்க மாட்டேங்குது, அவரு வந்ததும் ரெண்டு நாள் பக்கத்துலயே போகாம கதவுக்குப் பின்னால நிக்குதுன்னு ஒரு அம்மா சொன்னாங்க, அவரு மூஞ்சி வாடிப்போச்சாம். செசமிக்காரங்க 2006ல ராணுவ வீட்டுப் பிள்ளைகளுக்குன்னு தனியா வீடியோ பண்ணுனாங்க, அதுல எல்மோங்கிற பொம்மையோட அப்பா வேலைக்காக தூரமாப் போவாரு. அதைப் பாத்தப்போதான் எங்களுக்கு பிடி கெடச்சுது. ராணுவத்த எடுத்துட்டு போட்ட வச்சா நம்ம கதை.

அதனால எங்க பொம்மைத் தெரு ஒரு முக்கு, பஸ் ஸ்டாப்பு, பக்கத்துல ஒரு ஆச்சி நடத்துற பெட்டிக்கடை, மட்டி வாழைக்குலை தொங்கும். ஆச்சி மனுஷி. பேத்தி பொம்மை. கூரை மேல இருந்து பழம் திருட எறங்குற ஒரு மரநாய், அதுவும் பொம்மை, பகல்ல எழுப்புனா எரிஞ்சு விழும். மரநாய்க்கு ஒடம்பு சோஃபா கடையில வாங்குன வெட்டு ஸ்பாஞ்சு, தோலு பழைய டர்க்கி டவலு, கண்ணு பிங்பாங் பந்த ரெண்டா அறுத்தது. இதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணும் இல்ல, செசமி பொம்மைகள உண்டாக்குன ஜிம் ஹென்சன் 1955ல கெர்மிட்டுங்கிற பொம்மைய செஞ்சதே அவரு அம்மாவோட பழைய கோட்டையும் பிங்பாங் பந்தையும் வச்சுத்தான்.

பேத்திக்கு பேர் வைக்கதுலதான் ஒரு சாயங்காலமே போச்சு. நம்ம ஊர்ல பேரச் சொன்னா கோயிலா சர்ச்சா பள்ளிவாசலான்னு தெரிஞ்சுரும், 1982ல இந்து கிறிஸ்தவங்களுக்குள்ள நடந்த மண்டைக்காடு கலவரம் இன்னும் வீட்டுக்கு வீடு பேச்சுல இருக்கு. ஒரு பேரு சொன்னா ஒருத்தர் மூஞ்சி சுருங்குது, அடுத்ததச் சொன்னா இன்னொருத்தர். கடைசியில முத்துன்னு வச்சோம், அது எல்லா வீட்டுலயும் இருக்க பேரு. 2006ல செசமியோட இந்தி ஷோ கலி கலி சிம் சிம்ல பெண் பொம்மைக்கு சம்கின்னு பேரு வச்சவங்களுக்கும் இதே தலைவலி இருந்திருக்கும்னு தோணுது.

பேச்சும் அப்படித்தான். விளவங்கோடு பக்கம் ஒண்ணு, தோவாளை பக்கம் ஒண்ணு, கடற்கரையில வேற. நாங்க ஒண்ணாக்கல. ஆச்சி கடற்கரைப் பேச்சு, மரநாய் ரப்பர் தோட்டத்துல இருந்து வந்ததால மேற்கத்திப் பேச்சு, சண்ட வந்தா தன்னால காமெடி ஆயிருது.

தோல்பாவைக்கூத்த விட்டுட்டு வெளிநாட்டு பொம்மை எதுக்குடேன்னு ஒரு அண்ணாச்சி கேட்டாரு. நியாயமான கேள்வி. ஒரே ஆளு உள்ள உக்காந்து ராமனுக்கும் ராவணனுக்கும் காமெடி பண்ணுற உச்சிக்குடும்பனுக்கும் உளுவத்தலையனுக்கும் குரல் மாத்திப் பேசுற வித்தைக்கு முன்னால நாங்கல்லாம் ஒண்ணுமே இல்ல. ஆனா தோல்பாவை பெரும்பாலும் பக்கவாட்டு மூஞ்சி, அது பிள்ளையோட கண்ணப் பாக்காது. ஸ்பாஞ்சு பொம்மை கேமராவ நேரா பாத்து "நீ சொல்லு மக்களே"ன்னு கேக்கும்போதுதான் மூணு வயசு வாயத் தொறக்குது. அதனால கதை சொல்லுற இடத்துல மட்டும் திரை, ஆச்சி கடைக்குப் பின்னால வேட்டியக் கட்டி லைட்டு போட்டு, அங்க தோல்பாவை வரும். பங்களாதேஷ், எகிப்துன்னு ஒவ்வொரு ஊரும் தனக்குன்னு ஆளுகள உண்டாக்கிக்கிட்டுத்தானே, நாம மட்டும் ஏன் கூச்சப்படணும்.

இனி டெஸ்டிங். அமெரிக்காவுல டிவிக்குப் பக்கத்துல ஒரு ஸ்லைடு ப்ரொஜெக்டர வச்சு படத்த மாத்திக்கிட்டே இருந்தாங்களாம், பிள்ளை எப்போ டிவிய விட்டுட்டு அந்தப் பக்கம் திரும்புதுன்னு குறிச்சுக்க. 1969ல ஃபிலடெல்ஃபியாவுல சாம்பிள் போட்டுப் பாத்தப்போ பொம்மை வந்தா பாக்குது, மனுஷங்க மட்டும் தெருவுல பேசுனா எந்திரிச்சுப் போயிருது. மனுஷனையும் பொம்மையையும் கலக்கக் கூடாதுன்னு சைக்காலஜிஸ்டுக சொன்னத அப்போதான் மீறி, பிக் பேர்டு, ஆஸ்கர்ங்கிற பொம்மைகள தெருவுக்குள்ள விட்டாங்க. எங்களுக்கு ப்ரொஜெக்டர் தேவப்படல. குளச்சல் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில செம்புக் குடத்துல போனச் சாத்தி வச்சு போட்டோம், மீன்காரரோட எம்80 வண்டி பாம் பாம்னு ஹாரன் அடிச்சுட்டு வந்துச்சு, மரநாய் கஷ்டப்பட்டு வட்டம் சதுரம் சொல்லிட்டு இருந்தப்போ அத்தன பிள்ளையும் ரோட்டுக்கு ஓடிருச்சு. அடுத்து முத்து, கடைப் படியில உக்காந்து "ஆச்சி, போட்டு இன்னிக்கும் வரலியா"ன்னு கேக்குற சீன். ஹாரன் திரும்பவும் அடிச்சுது. ஒரு பயபுள்ள எந்திரிச்சவன் அப்படியே நின்னு, போனப் பாத்து, "பனி போட்டிருக்கும், நாளைக்கு வரும்"னு முத்துக்குப் பதில் சொன்னான்.

வட்டம் சதுரத்த அன்னிக்கே வெட்டிட்டோம்.

இன்னும் தீராதது ஒக்கி. 2017 நவம்பர் கடைசியில புயலடிச்சு, போனவங்க எத்தனையோ பேரு திரும்பவே இல்ல. செசமியில கடைக்காரர் ஹூப்பரா நடிச்ச வில் லீ 1982ல செத்துப்போனப்போ, ஊருக்குப் போயிட்டாருன்னு சமாளிக்காம, 1983ல ஒரு எபிசோடுல பிக் பேர்டுகிட்ட அவரு செத்துட்டாரு, இனி வரமாட்டாருன்னு நேராவே சொன்னாங்க. நம்ம கதையில அது இன்னும் கஷ்டம், ஒடம்பு கெடைக்காத வீட்டுல என்னன்னு சொல்லுறது. நான் எழுதிப் பாத்து கிழிச்சுட்டேன். அந்த வீட்டு அம்மாமாரே முன்வந்து உக்காந்து பேசாம அந்த எபிசோடு கெடையாதுன்னு முடிவு.

கேபிள்காரர் இப்பவும் "பெத்தவங்க கேப்பாங்க, கொஞ்சம் அ ஆ போடுங்க"ன்னுதான் நிக்காரு. சரின்னு ஆச்சி கடைச் சிலேட்டுல பழம் வெலை எழுதுற மாதிரி ஒரு சீன் வச்சிருக்கோம், மரநாய் அதையும் அழிச்சிட்டு தனக்கு ஃப்ரீன்னு எழுதிக்கும். அவருக்கு இன்னும் காட்டல.