விவசாயி ராணியான ஞாயிறு

“உங்கள் பவுவர் வெகு வேகம்” என்று சொல்லிக் கைகொடுத்தார், எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர். ஜெர்மன் மொழியில் பவுவர் என்றால் விவசாயி. செஸ் சிப்பாய்க்கும் அதே பெயர்தான். கிளப்பில் எத்தனையோ முறை காதில் விழுந்த சொல், அன்றுதான் உறைத்தது.

டார்ட்முண்டுக்கு வந்து இரண்டு வருஷம். குளிர் பழகிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிக் கிடப்பதும் பழகிவிட்டது. காய்களின் பெயர்கள்தான் இன்னும் பழகவில்லை. நம் யானை இங்கே கோபுரம். மந்திரி ஓட்டக்காரர். குதிரையில் குதிரையே இல்லை, தாவுகிறவர்! ஆனால் சிப்பாயை விவசாயி ஆக்கிய இந்த ஊர்க்காரர்களை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. தஞ்சாவூர்ப் பக்கம் என் அப்பாவும் பவுவர்தான்.

அது லீக் ஆட்டம், அணிக்கு எட்டுப் பேர், எட்டுப் பலகை. எனக்குக் கறுப்பு. பிரெஞ்சு தடுப்பாட்டம் என்ற தொடக்க முறையில் ஆடினேன். முப்பதாவது நகர்த்தலில் பெரியவர் டிரா கேட்டார், நான் தலையசைத்து மறுத்தேன். கடைசியில் அவரே யானைகளை வெட்டிக்கொள்ள வந்தார். வெட்டி முடித்தபோது என் சிப்பாய் ஏ 4-இல், அவர் ராஜா எஃப் 3-இல். கடைசிக் கட்டத்தைத் தொட்டு ராணியாக என் சிப்பாய் ஓட, எட்டிப் பிடிக்க அவர் ராஜாவுக்கு ஒரு அடி போதவில்லை. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில், உலக சாம்பியன் பட்டத்துக்கான போட்டியின் பதினான்காவது ஆட்டத்தில், டிங் லிரென் யானையை எஃப் 2-க்கு நகர்த்தியதும் குகேஷ் காய்களை வெட்டித் தீர்த்துச் சிப்பாய்களோடு ஜெயித்தாரே, அவருக்கும் அன்று கறுப்புதான்.

கறுப்பு எனக்குச் சின்ன வயதிலிருந்தே தோது. எங்கள் வீட்டுப் பெட்டியில் ஒரு வெள்ளை யானை தொலைந்துபோனது. பம்ப்செட்டிலிருந்து கழற்றிய பழைய பீங்கான் பியூஸ் கேரியரை அந்த இடத்தில் வைத்தார் அப்பா. நகர்த்தினால் திண்ணையில் ‘டொக்’கென்று சத்தம் வரும். குறையுள்ள பக்கத்தை அவர் எடுத்துக்கொண்டு, முழுசாக இருந்த கறுப்பை எப்போதும் எனக்குத் தருவார். வெள்ளைக்குக் கிடைக்கும் முதல் நகர்த்தலுக்காக அப்படிச் செய்கிறார் என்றுதான் அப்போது நினைத்தேன்.

கார் நிறுத்துமிடத்திலிருந்தே போன் போட்டேன். அங்கே இரவு எட்டு மணி.

“அப்பா, ஜெயிச்சிட்டேன்.”

“கறுப்பா?”

“ஆமாப்பா.”

“அதானே பாத்தேன். சரி, நெல்லு கொள்முதல் நிலைய வாசல்லயே கெடக்கு, பனி இறங்குது. படுதாவப் போட்டு மூடிட்டு வந்து கூப்பிடுறேன், ஒவ்வொரு நகர்த்தலா சொல்லு.”

வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தேன். ஆட்டம் எழுதிய தாள் மடியில் இருந்தது.