ஸ்பாய்லர் இடுக்கில் நீலம் ஏறியது: லெக்சான் பாடி பெயிண்டிங்

ரிமோட் காரின் லெக்சான் (நிறமில்லாத, ஒளி ஊடுருவும் பாலிகார்பனேட்) பாடியில் ஸ்பாய்லர் மடிப்பு இந்தத் தடவை அடிவரைக்கும் நிறம் பிடித்துவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் டிக்கி மூடியும் ஸ்பாய்லரும் ஒரே நீலம். வெளுத்த திட்டு இல்லை, ஓரத்தில் வழிசலும் இல்லை. பாடி 1/10 அளவு டூரிங் (சாலைப் பந்தய) கார், 190 மி.மீ. அகலம், 0.8 மி.மீ. தகடு. பெயிண்ட் டாமியா பி.எஸ்.-16 மெட்டாலிக் புளூ (பி.எஸ். என்பது லெக்சானுக்கான ஸ்ப்ரே கேன் வரிசை). கழுவுவதும் ஜன்னல் மாஸ்க் ஒட்டுவதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். இங்கே பேச வேண்டியது இடுக்குகளைப் பற்றி மட்டும்.

பாடியைக் கவிழ்த்து உள்பக்கமாக அடிக்கும்போது ஸ்பாய்லர் ஒரு குறுகிய பள்ளம். பக்கவாட்டுக் கண்ணாடிகளுக்கான (சைடு மிரர்) குமிழ்கள் இரண்டும் சின்னக் குழிகள். கேனை நேராக அதற்குள் பீய்ச்சினால் காற்று உள்ளே போகும், ஆனால் வெளியேற வழியில்லை. அதே வாய் வழியாகத் திரும்பி வரும்போது பெயிண்டையும் தூக்கிக்கொண்டு வரும். சுழன்ற துளிகள் பறக்கும்போதே காய்ந்து, திருநீறு தூவினது போல அடியில் படியும். வாய் விளிம்பில் மட்டும் தடிமனாக ஏறும். அடி நிறையட்டும் என்று இன்னொரு கோட் கொடுத்தால் விளிம்பு வழிந்து அடியில் குளமாகத் தேங்கும். மெட்டாலிக் என்றால் இன்னும் மோசம்: ஈரம் தேங்கிய இடத்தில் மினுக்குத் துகள் ஒதுங்கிக் கறுத்த கோடு விழும். லெக்சானில் முதல் கோட்தான் வெளியே தெரியும் முகம். பின்னால் எத்தனை கோட் அடித்தாலும் அது மாறாது.

ஆகவே இடுக்குக்குக் கேன் வேண்டாம். பெயிண்டைக் கேனிலிருந்து வெளியே எடுத்து ஏர்பிரஷ்ஷில் (கம்ப்ரசர் காற்றால் மெல்லியதாகத் தெளிக்கும் பேனா போன்ற கருவி) ஊற்ற வேண்டும். கேனைக் கை பொறுக்கும் சூட்டு வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து, நாசிலில் ஒரு உறிஞ்சுகுழலை டேப்பால் கட்டி, கண்ணாடிப் புட்டிக்குள் மெதுவாக விடவும். திறந்த வெளியில் செய்யவும். பக்கத்தில் அடுப்போ விளக்கோ கூடாது. புட்டியை இறுக்கி மூடாதீர்கள். உள்ளே கரைந்திருக்கும் வாயு அரை மணி நேரத்துக்குக் குறையாமல் குமிழிட்டு வெளியேறும். பல்குச்சியால் கலக்கும்போது நுரைத்தால் இன்னும் பொறுக்க வேண்டும். பொறுக்காமல் கப்பில் ஊற்றினால் ஏர்பிரஷ் துப்பும்.

நாசில் 0.3 மி.மீ., கம்ப்ரசர் 15 முதல் 18 பி.எஸ்.ஐ., தூரம் 3 அல்லது 4 செ.மீ. பள்ளத்துக்குள் நேராக நீட்டாமல் ஒரு சுவரை ஒட்டிச் சாய்த்துப் பிடிக்கவும். ஒரு சுவரோடு இறங்கும் காற்று எதிர்ச் சுவரோடு ஏறி வெளியே போய்விடும். முதலில் காற்று, பிறகு பெயிண்ட். இரண்டு மூன்று குறுந்தட்டல், அவ்வளவுதான். பாடியைத் திருப்பி எதிர்ச் சுவருக்கும் அதே மாதிரி. பிறகு பள்ளத்தின் வாய் கீழே பார்க்கும்படி பாடியை நிமிர்த்தி வைக்கவும். கரைப்பான் ஆவி காற்றைவிடக் கனமானது. குழிக்குள் தேங்கி நின்றால் பெயிண்ட் காயாது. இந்த ஒரு பழக்கம் ஒரு கோட்டுக்குச் சமம்.

வரிசையும் முக்கியம். இடுக்குகள் முதலில், கூரையும் பானட்டும் கடைசியில். அகலத் தளத்தை முதலில் கேனால் அடித்துவிட்டால் அதன் தூசி இடுக்குகளில் போய் ஒட்டிக்கொள்ளும், அதற்கு மேல் எவ்வளவு நன்றாக அடித்தாலும் வெளியிலிருந்து மங்கலாகத்தான் தெரியும். ஒவ்வொரு கோட்டுக்கும் பிறகு வெளிப்பக்கம் செல்போன் டார்ச்சை வைத்து உள்ளே எட்டிப் பார்க்கவும். ஊசிப் பொத்தல்கூட மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும்.

கண்ணாடிக் குமிழ் போன்ற மிகச் சிறிய குழிக்கு ஏர்பிரஷ்ஷும் பெரிதுதான். புட்டியில் மிஞ்சியதைச் சற்று நேரம் திறந்து வைத்துக் கெட்டியாக்கி, 0 நம்பர் பிரஷ்ஷால் ஒரே இழுப்பு. அதே இடத்தில் திரும்ப இழுத்தால் கீழே உள்ளது கரைந்து வந்துவிடும். பெயிண்டைத் தின்னர் விட்டு இளக்க வேண்டாம். அச்சில் இழுத்து வளைத்த மூலைகளில் தகடு ஏற்கெனவே இறுக்கத்தில் இருக்கும். அங்கே கரைப்பான் தேங்கினால் மயிரிழை விரிசல் விழும். தின்னர் ஏர்பிரஷ் கழுவுவதற்கு மட்டும்.

சேலத்தில் ஏப்ரல், மே மதிய வெயிலில் அடிக்கவே கூடாது. துளி தகட்டைத் தொடும் முன்பே காய்ந்துவிடும். காலை நேரம் நல்லது. ஏற்காட்டில் இதற்கு நேர்மாறு. மூடுபனி இறங்கும் பொழுதில் குளிர்ந்த தகட்டில் ஈரம் படிந்து பெயிண்ட் பால்போல வெளுக்கும், அதைத் திருத்துவது கடினம். மலையில் அடிப்பவர்கள் வெயில் ஏறும்வரை காத்திருக்கவும்.

டேப் வாங்க கார் பெயிண்ட் கடைகள் போதும். ஆனால் அங்கே கிடைக்கும் கார் டச்-அப் கேனை லெக்சானுக்கு வாங்காதீர்கள். அந்தப் பெயிண்ட் வளைந்து கொடுக்காது, முதல் மோதலிலேயே செதில் செதிலாக உரியும். பி.எஸ். கேன்களை வெளியூரிலிருந்துதான் வரவழைக்க வேண்டியிருக்கிறது. ஏரோசால் என்பதால் விமானப் பார்சலில் ஏற்றமாட்டார்கள், தரைவழிதான். மழைக்காலத்துக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

அடுத்தது ஒரு ராலி பாடி. கூரையில் காற்றுக் கூடு, முன்னால் ஆழமான விளக்குக் கிண்ணங்கள். கிண்ணங்களுக்கு லிக்விட் மாஸ்க்தான் (பூசிக் காயவைத்து, வெட்டி உரிக்கும் திரவ மறைப்பு) சரி, டேப் குழிவான வளைவில் தூக்கி நிற்கும். பூசிய மாஸ்க் அடியில் தேங்கி வெளுப்பாகவே இருக்கும். முழுக்கக் கண்ணாடியாகத் தெளியும்வரை கத்தி வைக்கக் கூடாது.

இந்த நீலப் பாடிக்கு இன்னும் பின்கோட் (நீலத்துக்குப் பின்னால் அடிக்கும் கோட்) பாக்கி. பி.எஸ்.-12 சில்வர் அடித்தால் நீலம் பளிச்சென்று எழும், பி.எஸ்.-5 கறுப்பு அடித்தால் ஆழமாக இறங்கும். இதற்கு முதலில் சில்வர், அதன் மேல் வெளிச்சம் கசியாமல் இருக்கக் கறுப்பு. போஸ்ட் துளைகள் (பாடியைச் சேசிஸ் கம்பங்களில் மாட்டும் துளைகள்) இன்னும் போடவில்லை. முன்பே போட்டால் பெயிண்ட் அந்த வழியாகப் பாடியின் வெளிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் பாதுகாப்புப் படலத்துக்கு அடியில் ஊர்ந்துவிடும்.