ஆயிரத்தில் முப்பது

எங்கள் வண்டியில் ஒரு சத்தம் வருகிறது என்று அப்பா மட்டும்தான் சொல்லிக்கொண்டிருந்தார். மற்ற எல்லோருக்கும் அந்த வண்டியே ஒரு சத்தம்தான்.

வண்டி உங்களுக்குத் தெரிந்ததுதானே. 1965-ஆம் வருடத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட், கூரை கிடையாது. ஹெரால்டின் கூரை போல்ட் போட்டு மாட்டியது என்பதால், அப்பாவுக்கு முன்னால் அதை வைத்திருந்த புண்ணியவான் ஒரு நாள் ஸ்பேனரை எடுத்துக் கழற்றிவிட்டார். கழற்றிய கூரை இன்னும் எங்கள் கொல்லையில்தான் கிடக்கிறது. அதன் கீழே கோழிகள் முட்டையிடுகின்றன. தென்மேற்குப் பருவமும் வடகிழக்குப் பருவமும் தவறாமல் வந்துபோகிற குமரி மாவட்டத்தில் கோழிக்குக் கூரை இருக்கிறது, எங்களுக்கு இல்லை. அம்மா குடையோடுதான் வண்டியில் ஏறுவாள்.

அப்பா இதை ஸ்போர்ட்ஸ் கார் என்றுதான் சொல்வார். யாராவது முகம் சுளித்தால் வரலாறு தொடங்கிவிடும். 1959-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்ட் வந்தது. 1962-ல் அதே சேஸைக் குறுக்கி, அதே குடும்பத்து எஞ்சினை வைத்து ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். இரண்டையும் வரைந்தது மிக்கெலோட்டி என்ற ஒரே இத்தாலிக்காரர். ஆகவே நம்முடையது ஸ்பிட்ஃபயரின் அக்கா. “அக்காளுக்கு எஞ்சின் 948 சிசிதான், ஆனா குணம் அதேதான்” என்று முடிப்பார். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களிடமும் இதைச் சொல்லியிருக்கிறார். நானல்ல, வண்டிதான் அன்றைக்கு அதிகம் பேசப்பட்டது.

சரி, சத்தத்துக்கு வருவோம். வண்டி சும்மா நின்று ஓடும்போது அடியிலிருந்து ‘டொக், டொக்’ என்று வருகிறதாம். மெக்கானிக்குகள் வந்தார்கள். வந்தவர்களெல்லாம் காதைக் கொடுத்துக் கேட்டார்கள். அப்பா டிரைவர் சீட்டில் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து, “இப்ப கேளுங்க” என்பார். ஒன்றும் கேட்காது. அவர்கள் அப்பாவைப் பார்ப்பார்கள், அப்புறம் பரிதாபமாக என்னைப் பார்ப்பார்கள். ஒருவர் கிளம்பும்போது, அசாரிபள்ளத்தில் காதுக்கு நல்ல டாக்டர் இருக்கிறார் என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

இதில் பானெட் வேறு. ஹெரால்டின் பானெட் மற்ற வண்டிகளைப்போல மூடி மட்டும் திறக்காது. மட்கார்டு, விளக்கு எல்லாம் சேர்ந்து மொத்த முன்பக்கமும் முன்னால் கவிழும். எஞ்சின் பார்க்க அதைவிட வசதி கிடையாது, முன் டயரின் மேலேயே உட்கார்ந்து வேலை செய்யலாம். ஆனால் தெருவில் போகிறவர்களுக்கு அது விபத்து. “எங்க இடிச்சீங்க?” என்று கேட்காமல் ஒருவரும் எங்கள் கேட்டைத் தாண்டியதில்லை. எதிர்வீட்டு அக்கா முதல் நாள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்துவிட்டார். அதைத் திருப்பிக் கொடுக்க அப்பாவுக்கு மனசில்லை.

தெருவே டாக்டரானது அதற்கப்புறம்தான். லாரி ஓட்டிய மாமா, “ஆயிலைக் கட்டியா ஊத்துங்க, சத்தம் அமுங்கும்” என்றார். பால்காரர் பெட்ரோலில் கலப்படம் என்றார், அவர் சொன்னால் யோசிக்கத்தான் வேண்டும். பழைய வண்டி விற்கிறவர்கள் கியர் பாக்ஸில் வாழைப்பழத்தைப் போட்டுச் சத்தத்தை அடக்குவார்கள் என்று ஒரு பழங்கதை உண்டல்லவா, அதை ஒருவர் எடுத்துவிட்டார். வேறு ஊராக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். நம் ஊரில் எந்தப் பழம் என்று விவாதம் ஆரம்பித்தது. மட்டி கரைந்துபோகும், ஏத்தன்தான் நிற்கும் என்று ஒரு கட்சி. செவ்வாழைக்கு ஈடே கிடையாது, ஆனால் விலைக்குக் கட்டாது என்று இன்னொரு கட்சி. கோபம் வந்து ஒருவர் சாயாவைக்கூடக் குடிக்காமல் எழுந்து போனார். கியர் பாக்ஸில் எந்தக் கோளாறும் இல்லை என்பதை யாருமே கேட்கத் தயாராக இல்லை.

கடைசியில் ஆசான் வந்தார். பழைய வண்டி என்றாலே ஆசான்தான், அம்பாசிடர் காலத்து ஆள். அவருக்கும் சத்தம் கேட்கவில்லை, ஆனால் கேட்கவில்லை என்று சொல்லும் பழக்கம் அவருக்குக் கிடையாது. “பிக் எண்ட் போச்சு. எஞ்சினை இறக்கணும்” என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பினார். அன்றைக்கு இரவு அப்பா சாப்பிடவில்லை. பிக் எண்ட் என்பது பிஸ்டனின் தண்டு கிராங்க் ஷாஃப்ட் என்ற சுழல் அச்சோடு சேரும் இடம். அது போனால் கிராங்க் ஷாஃப்டை வெளியே எடுத்துக் கடைசல் பிடித்து, அதற்கேற்ற பேரிங் தேடி அலைய வேண்டும். இந்த வண்டிக்குப் பேரிங்கை எந்தக் கடையில் கேட்டாலும் முதலில் சிரிப்பார்கள், அப்புறம்தான் இல்லை என்பார்கள்.

அம்மாதான் குளச்சலில் இருந்து போட் எஞ்சின் பார்க்கும் அண்ணனைக் கூட்டிவரச் சொன்னாள். கடலுக்கு நடுவில் எஞ்சின் நின்றால் தள்ளிவிட ஆள் கிடையாது, அதனால் அவர்கள் பார்ப்பது சரியாக இருக்கும் என்பது அவளுடைய கணக்கு. அண்ணன் வந்தார். கையில் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவர், அவ்வளவுதான். நுனியை எஞ்சின் மேல் வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டார். அப்பா வழக்கம்போல சீட்டில் இருந்து “இப்ப கேளும்” என்றார். அண்ணன் கேட்டார். ஒன்றுமில்லை. நிமிர்ந்து அப்பாவின் காலைப் பார்த்தார்.

“சாரே, நீங்க கொஞ்சம் இறங்கும்.”

அப்பாவை அந்த சீட்டிலிருந்து இறங்கச் சொன்ன முதல் ஆள் அவர்தான். அப்பா நியூட்ரலில் போட்டுவிட்டு, கிளட்சை விட்டு, முனகிக்கொண்டே இறங்கினார். உடனே அடியிலிருந்து ‘டொக், டொக், டொக்.’ தெருவே கைதட்டியது. அப்பாவின் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பிளஸ் டூ ரிசல்ட் அன்றுகூடப் பார்த்ததில்லை. எஞ்சின் கெட்டிருக்கிறது என்பதைவிடக் காது கெடவில்லை என்பதுதான் அவருக்குப் பெரிசு.

அண்ணன் ஒவ்வொரு பிளக் வயராகக் கழற்றிப் பார்த்தார். பிக் எண்ட் தேய்ந்திருந்தால், அந்த சிலிண்டரின் வயரைக் கழற்றியதும் அதன் மேல் இருக்கும் பாரம் குறைந்து சத்தமும் குறையுமாம். நாலிலும் மாற்றமில்லை. சூடேறிய பிறகும் ஆயில் பிரஷர் விழவில்லை. பிஸ்டன் ஆட்டம் என்றால் காலையில் குளிர்ந்திருக்கும்போது அதிகமாக இருந்து சூடானதும் அடங்க வேண்டும், இது அப்படியும் இல்லை. பிறகு என்னை சீட்டில் உட்காரவைத்து, எஞ்சினை நிறுத்தி, கிளட்சை மிதித்து விடச் சொன்னார். நான் மிதித்தால் முன்னாலிருக்கும் கிராங்க் புல்லி முன்னால் நகர்கிறது. கம்பியால் பின்னால் நெம்பினால் மறுபடி உள்ளே போகிறது. கண்ணுக்கே தெரிந்தது. டயல் கேஜ் வைத்து அளந்தார். அங்குலத்தை ஆயிரம் பங்கு போட்டால் நாலிலிருந்து எட்டுக்குள் இருக்க வேண்டிய ஆட்டம். எங்களுடையது முப்பது.

“த்ரஸ்ட் வாஷர் தேஞ்சு போச்சு. இன்னும் கொஞ்சம் போனா கழண்டு கீழ ஆயில் நிக்கிற சம்ப்ல விழும், அப்புறம் கிராங்க் பிளாக்கையே அரைச்சுத் தின்னுரும்.”

விஷயம் இதுதான். கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் கிராங்க் ஷாஃப்ட் முன்னால் தள்ளப்படும். அந்தத் தள்ளலைத் தாங்குவது, கிராங்க்கைப் பிடித்திருக்கும் பின்பக்க மெயின் பேரிங்கின் இரு புறமும் இருக்கும் இரண்டு அரைவட்டத் தகடுகள். அதுதான் த்ரஸ்ட் வாஷர். ஓடும்போது எப்போதாவது மிதித்தால் ஒன்றுமில்லை. மிதித்தபடியே நின்றால் தேயும். அப்பா சத்தம் காட்டுகிறேன் என்று கிளட்சை மிதித்தபடி உட்கார்ந்திருந்ததால்தான் சத்தமே வராமல் போயிருக்கிறது.

அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: “கிளட்ச்ச மிதிச்சிட்டு இவ்வளவு நேரம் எங்க சாரே நிக்கிறீங்க? டிராபிக்லயா?”

பார்வதிபுரத்திலும் மார்த்தாண்டத்திலும் நிற்கிற நேரத்தில் பாதி எஞ்சின் தேயும் என்பது உண்மைதான். ஆனால் அப்பா டிராபிக்கைச் சொல்லவில்லை. திரும்பி, வராந்தாவில் மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்த அம்மாவைப் பார்த்தார்.

அம்மா ஒரு வீட்டிலிருந்து கிளம்புவதைப் பார்த்திருக்கிறீர்களே. தக்கலையில் சித்தி வீடென்றால் ஹாலில் ஒருமுறை ‘போயிட்டு வாறேன்’, கேட்டில் ஒருமுறை, வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் உண்மையான பேச்சே. கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கிளம்பலாம் என்றால் கூரையே கிடையாது. சித்தி கதவில் கையை ஊன்றிக்கொள்வாள். தோவாளையில் பூக்காரியும் அப்படித்தான், வடசேரிச் சந்தையில் மீன்காரியும் அப்படித்தான், எல்லோருக்கும் அந்தக் கதவு உயரம் தோதாக இருக்கிறது. இவ்வளவு நேரமும் அப்பா முதல் கியரைப் போட்டு கிளட்சை மிதித்தபடி காத்திருப்பார். நியூட்ரலுக்கு வந்தால் மறுபடி முதல் கியர் போடவேண்டும். இந்த வண்டியில் முதல் கியருக்கு, பல்லோடு பல்லைச் சத்தமில்லாமல் சேர்க்கும் சிங்க்ரோமெஷ் கிடையாது, அவசரப்பட்டால் கரகரவென்று ஊருக்கே கேட்கும். அதைவிட முக்கியமாக, கியரில் இருந்தால் அம்மா ‘செரி அப்போ’ என்ற அந்த ஒரு வினாடியில் கிளம்பிவிடலாம். விட்டால் அடுத்த பேச்சு தொடங்கிவிடும்.

“இதுக்கும் நாந்தானா?” என்றாள் அம்மா. மரச்சீனி பலமாக உரிபட்டது.

வாஷர் இங்கே கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் சித்தி மகள் லீவுக்கு வரும்போது வாங்கி வந்தாள். ஸ்பிட்ஃபயர், ஹெரால்ட் பாகங்கள் அங்கே இன்றைக்கும் புதிதாகவே விற்கிறார்களாம், தேய்ந்த இடத்துக்கு ஏற்றபடி கூடுதல் தடிமனிலும் உண்டு. “பாதி வளையல் மாதிரி இருக்கு, இதுக்கா இவ்வளவு பாடு” என்றாள் அம்மா. ஒரு சிறிய உறையில் வந்த அதற்குப் பதிலாக முந்திரிக்கொத்தும் கருப்பட்டியும் நேந்திரங்காய் சிப்ஸுமாக அரைப் பெட்டி திரும்பிப் போனது.

எஞ்சினை இறக்கவே இல்லை. கீழே படுத்து சம்பைக் கழற்றி, பின் மெயின் பேரிங்கின் மூடியை எடுத்து, பழைய தகட்டைச் சுற்றித் தள்ளி வெளியே எடுத்தார் அண்ணன். ஒன்று ஓரளவுக்கு நன்றாகவே இருந்தது. மற்றதில் வெள்ளை உலோகம் முழுக்கப் போய் அடித்தகடு தெரிந்தது. புதியதை எண்ணெய்க் கோடு உள்ள முகம் கிராங்க் பக்கம் இருக்கும்படி வைத்து ஏற்றினார். மாற்றி வைத்தால் கதை முடிந்தது என்பதால் அப்பா டார்ச் அடித்துப் பலமுறை சரிபார்த்தார். இப்போது ஆட்டம் ஆறு. ஆசான் கேள்விப்பட்டு, “நான் அன்னைக்கே சொன்னேன்” என்றாராம்.

கிளம்பும்போது அண்ணன் அப்பாவிடம், நிற்கிற இடத்தில் நியூட்ரலில் போடும்படி தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் போனார். அப்பா தலையாட்டினார். மறுநாள் சித்தி வீட்டு வாசலில் அம்மா வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் சித்தி கதவில் கையை ஊன்றினாள். பின்சீட்டில் இருந்த நான் அப்பாவின் இடது காலையே பார்த்துக்கொண்டிருந்தேன். கியர் முதலில், கால் கிளட்சில்.

“அப்பா, நியூட்ரல்” என்றேன்.

“உன் சித்தி மகள் எப்ப திரும்பிப் போறா?” என்று கேட்டார். “அடுத்த தடவை வரும்போ இன்னொரு செட் கொண்டு வரச் சொல்லு.”