முழுப் பேர்

அட்டனில் காலை ஆறு மணி பஸ் ஏறினோம். அம்மாவின் பிளாஸ்டிக் பையில் ஆறு மெழுகுவர்த்தி, பேப்பரில் சுற்றிய ரொட்டி, ஒரு போத்தல் தேத்தண்ணி. கண்டி அந்தோனியார் கோயிலுக்கு நேர்த்தி வைத்திருந்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. எனக்கு வேலை கிடைக்கத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

கொழும்பில் நான் வேலை பார்த்த இடத்தில் ஆட்குறைப்பு செய்து எட்டு மாதமாகியிருந்தது. தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருக்கும் எங்கள் லயத்திலிருந்து கேம்பஸ் போன முதல் பிள்ளை நான். ஓ.எல். பரீட்சையில் ஒன்பது ஏ எடுத்தபோது ஞாயிறு பூசையில் என் பெயரை வாசித்தார்கள். அதிலிருந்து தோட்டத்தில் யாரைக் கண்டாலும் "நல்லா வருவ புள்ள" என்பார்கள். அந்தப் பிள்ளை இப்போது ஊர்க்கண்ணில் படாமல் குறுக்குப் பாதையால் போய் வந்துகொண்டிருந்தாள். பூசைக்குப் போனாலும் கடைசி பெஞ்சுதான். செபிக்கக்கூட வெட்கமாக இருந்தது. கடவுளுக்கு முன்னால் வெறுங்கையோடு போய் நிற்பது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தந்ததில்லை.

கினிகத்தேனை வளைவுகளில் பனி. நாவலப்பிட்டி தாண்டியதும் வெயில். கம்பளைக்குள் அம்மா இரண்டு செபமாலை முடித்துவிட்டார். பேராதனைப் பாலம் வந்தபோது நான் யன்னல் பக்கம் திரும்பவில்லை. அங்கே கேம்பஸில்தான் நான் படித்தேன்.

ஆகஸ்ட் மாதத்துப் புதன்கிழமை அது. நாங்கள் போனபோது சிங்களப் பூசை தொடங்கியிருந்தது. நற்செய்தி மத்தேயு 20. அம்மாவின் சிங்களம் சந்தையில் காய் வாங்கும் அளவுக்குத்தான். பூசை முடிந்து வெளியே வந்து வாவிக்கரையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரிக்கும்போது கேட்டார்: "ஃபாதர் 'வத்த, வத்த'ன்னாரே, எந்தத் தோட்டத்தப் பத்தி?" சிங்களத்தில் வத்த என்றால் தோட்டம்.

சொன்னேன். ஒரு திராட்சைத் தோட்டக்காரர் விடியற்காலையில் ஆள் எடுக்கப் போகிறார். நாளுக்கு ஒரு தெனாரியம், அந்தக் காலத்து வெள்ளிக்காசு, என்று பேச்சு. பிறகு ஒன்பது மணிக்கும் போகிறார், பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் போகிறார். ஐந்து மணிக்குப் போனால் அப்போதும் சிலர் சந்தியில் சும்மா நிற்கிறார்கள். அவர்களையும் தோட்டத்துக்கு அனுப்புகிறார். பொழுது சாய்ந்ததும் கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு, கடைசியாக வந்தவர்களிலிருந்து தொடங்கி, எல்லோருக்கும் ஆளுக்கு ஒரு தெனாரியம் கொடுக்கச் சொல்கிறார்.

அம்மா ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார். "அஞ்சு மணிக்கு வந்தவளுக்கு முழுப் பேரா?"

தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்தைப் பேர் என்றுதான் சொல்வார்கள். சொன்ன கிலோ கொழுந்து எடுத்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். எங்கள் தோட்டத்தில் 18 கிலோ. எனக்கு ஏழு வயதிருக்கும், காய்ச்சல். என்னைத் தோட்டத்து மருந்துக் காம்பராவில் காட்டிவிட்டு அம்மா பிந்தித்தான் மலைக்குப் போனார். அன்று மழை வேறு. தராசில் தொங்கிய படங்கிலிருந்து தண்ணீர் சொட்டியது நினைவிருக்கிறது. ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழித்து, பதின்மூன்று என்று எழுதினார்கள். "அரைப் பேரு" என்று அம்மா அப்பாவிடம் சொன்னதைப் படுக்கையிலிருந்து கேட்டேன். அம்மாவின் பெயரில் பாதியைத்தான் எழுதிவிட்டார்கள் என்று புரிந்துகொண்டு அழுதேன். எந்தப் பாதியை விட்டிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே தூங்கியும் போனேன்.

பெரியவளான பிறகு அது தவறான புரிதல் என்று தெரிந்தது. ஆனால் அந்தக் கணக்கைத்தான் நான் எனக்கும் போட்டு வந்திருக்கிறேன். ஒன்பது ஏ, முழுப் பேர். கேம்பஸ், முழுப் பேர். வேலை போனது, பேரே இல்லை.

அம்மா கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து வெயிலில் நின்றவர்களுக்கு அது அநியாயம் என்றுதான் முதலில் சொன்னார். முப்பத்தொரு வருடம் கொழுந்து பறித்தவர் வேறு எப்படிச் சொல்வார்? அப்புறம் கேட்டார்: "அந்த அஞ்சு மணி ஆளுங்க ஏன் சும்மா நின்னாங்களாம்?"

"யாரும் எங்கள வேலைக்குக் கூப்பிடலன்னு சொன்னாங்களாம்."

"நாள் முழுக்கவா நின்னாங்க?" அம்மாவின் குரல் மாறிவிட்டது. "பாவம். அது வேலை செய்யிறதவிடக் கஷ்டம் புள்ள."

என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். நான் அழுதேன். அவர் தேத்தண்ணிப் போத்தலைத் திறந்து என் கையில் கொடுத்தார்.

பிறகு போகம்பரைப் பக்கம் நடந்தோம். புனித யோசப் வாஸ் அடிகளார் வாழ்ந்து மறைந்த ஊர் இது. 1687இல் கோவாவிலிருந்து கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தவர், 1692இல் கண்டிக்கு வந்ததும் போர்த்துக்கேயரின் உளவாளி என்று பிடித்து அடைத்துவிட்டார்கள். 1697இல் அம்மை பரவி நகரமே காலியானபோது, தெருவில் விடப்பட்ட நோயாளிகளைத் தூக்கிவந்து கழுவி, ஊட்டி, இறந்தவர்களை அடக்கம் செய்தவர் அவர். எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். எனக்கு அன்று மனதில் நின்றது அடைபட்டுக் கிடந்த நாட்கள். நாடு முழுக்கக் கத்தோலிக்கர் குருவானவர் இல்லாமல் காத்திருக்க, அவர் காவலில் உட்கார்ந்து சிங்களம் படித்துக்கொண்டும் செபித்துக்கொண்டும் இருந்தார். அந்த நாட்களுக்கு யார் பேர் போட்டிருப்பார்கள்? பின்னாளில் ஆயர் பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்றார். 1711 ஜனவரி 16இல் இறந்தார். அவரை அடக்கம் செய்த இடம் எது என்று இன்று உறுதியாகத் தெரியாது. கண்டித் தெருக்களில் எங்கேயோ, நாம் நடக்கும் தரைக்குக் கீழே.

304 வருடம் கழித்து, 2015இல், காலிமுகத்திடலில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். அம்மா பங்கு மக்களோடு பஸ்ஸில் போனார். எனக்கு ஏ.எல். பரீட்சை வருடம். டியூஷனை விட முடியாது என்று போகவில்லை. "நீ வந்திருக்கலாம்" என்று இப்போதும் சொல்வார்.

திரும்பக் கோயிலுக்கு வந்து மெழுகுவர்த்திகளைக் கொளுத்தினோம். பக்கத்தில் ஒரு சிங்களப் பெண் தன் குழந்தையின் கையைப் பிடித்து அந்தோனியாரின் பாதத்தில் தொட்டு வைத்துக்கொண்டிருந்தாள். அம்மா என்னை அலுவலகத்துக்கு இழுத்துப் போனார், பூசைக் கருத்து கொடுக்க, அதாவது பூசையில் யாருக்காக, எதற்காகச் செபிக்க வேண்டும் என்று எழுதிக்கொடுக்க. அங்கிருந்தவர் கொப்பியைத் திறந்து, தமிழிலேயே, யாருக்காக என்று கேட்டார்.

"என் மகளுக்கு."

"என்ன கருத்து? வேலையா, கலியாணமா, பரீட்சையா? நன்றியா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். காலையிலிருந்து நான் நினைத்துக்கொண்டிருந்த நேர்த்தி இப்போது வாயில் வரும் என்று காத்திருந்தேன்.

"ஒண்ணுமில்ல. அவ பேர வாசிச்சாப் போதும்."

அவர் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுதத் தொடங்கினார். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் மேசைமேல் குனிந்து, பேனா நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழுப் பேரும் எழுதியாச்சா, ஐயா?"