ஒவ்வொரு கட்டத்துக்கும் அதன் விசைமுறை

எங்கள் பகுதி வாசகசாலைக்காக நூல்பட்டியல் மென்பொருள் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். பைதான் என்ற நிரல்மொழியும், திரையில் கட்டங்களும் பொத்தான்களும் அமைக்க உதவும் கியூட்டி என்ற கருவித்தொகுப்பும் கொண்டு எழுதுவது. ஓடுவது எக்ஸ்எஃப்சிஇ என்ற திரைச்சூழல் போட்ட லினக்ஸ் கணினியில். பதிவு செய்யும் அக்கா டிடிபி கடைகளில் பல காலம் வேலை பார்த்தவர், தமிழ்99 என்ற தமிழ் விசைமுறையில் (எந்த விசையில் எந்த எழுத்து என்ற அமைப்பு) பார்க்காமலே அடிப்பார். அவர் கை எங்கும் தடுக்காமல் ஓட வேண்டும். எனக்கு அதுதான் முக்கியம்.

முன்பு அங்கே இருந்த மென்பொருளில் ‘ந’ விழாது, ‘ய’ விழாது. தமிழ்99இல் அரைப்புள்ளி விசையில்தான் ந இருக்கிறது, ஒற்றை மேற்கோள் விசையில் ய. அந்த இரண்டு குறிகளும் தரவுத்தளத்திடம் தகவல் கேட்கும் கட்டளையான வினவலைக் கெடுத்துவிடும் என்று பயந்து யாரோ அந்த விசைகளையே தடுத்திருந்தார்கள். விழப்போகும் எழுத்து என்ன என்று பார்க்கவில்லை, விசையின் எண்ணை மட்டும் பார்த்தார்கள். ஒரு வாசகசாலையில் நாவல், நாடகம், பயணம் என்று அடிக்க முடியவில்லை! அக்கா வேறொரு செயலியில் அடித்து வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். மேற்கோள் குறியால் வரும் ஆபத்தை வினவல் எழுதும் இடத்தில் தீர்க்க வேண்டும், விசைப்பலகையில் அல்ல. இந்த விஷயத்தில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

கியூட்டியில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஐபஸ் போன்ற உள்ளீட்டு முறை (விசைத் தட்டலைத் தமிழ் எழுத்தாக மாற்றித் தரும் மென்பொருள்) வழியாக வரும் தமிழ் எழுத்து, சாதாரண விசை நிகழ்வாக வருவதில்லை. தனி நிகழ்வாக வருகிறது. அதனால் விசை அழுத்தத்தைக் கவனித்துத் தேடலைத் தொடங்கும்படி எழுதினால் ஆங்கிலத்தில் ஓடும், தமிழில் அசையாது. கட்டத்தில் உள்ள உரை மாறியதா என்று கேட்பதுதான் சரி.

அப்புறம் நூலின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னுக்கான கட்டம். பழைய பத்து இலக்க எண்களில் சில எக்ஸ் என்ற எழுத்தில் முடியும். சோதனை இலக்கம் பத்து என்றால் அப்படி. தமிழ்99 இயங்கும்போது அந்த விசையை அழுத்தினால் ‘ஓ’ விழும். ஆகவே அந்தக் கட்டத்துக்கு மட்டும் உள்ளீட்டு முறையையே அணைத்துவிட்டேன், கியூட்டியில் ஒரு வரிதான். ‘எண்கள் மட்டும்’ என்று குறிப்பு கொடுக்கும் வசதியும் இருக்கிறது, ஆனால் அது திறன்பேசித் திரைப்பலகைகளுக்குத்தான் பயன்படுகிறது. மேசைக் கணினியில் அதை நம்ப முடியாது.

பார்கோடு ஸ்கேனரும் கணினிக்கு ஒரு விசைப்பலகைதான். 978இல் தொடங்கும் பதின்மூன்று இலக்கங்களை அடித்து, கடைசியில் என்டரும் தட்டும். கியூட்டி உரையாடல் பெட்டியில் வைக்கும் பொத்தான்கள் இயல்பாகவே என்டருக்குக் காத்திருக்கும். பார்கோடு விழுந்த உடனே ‘சேமி’ அழுந்தி, பெயரே இல்லாத நூல் பட்டியலில் ஏறிவிடும். பொத்தான்களின் இந்த ஆட்டோ டிஃபால்ட் குணத்தை நீக்கி, என்டர் தட்டினால் கர்சர் அடுத்த கட்டத்துக்குப் போகும்படி செய்தேன். பல வரி எழுதும் குறிப்புக் கட்டத்தில் மட்டும் என்டர் புது வரிக்கு. டேப் அங்கிருந்து வெளியேற.

நூலின் பெயர்க் கட்டத்தில் தமிழைக் கட்டாயமாக்கலாமா என்று யோசித்தேன். ஆங்கில நூல்களும் கட்டுக் கட்டாக வரும். அதனால் கர்சர் வெளியேறும்போது அந்தக் கட்டத்தில் இருந்த விசைமுறையை நினைவில் வைத்து, திரும்ப நுழையும்போது ஐபஸ்ஸிடம் அதையே கேட்கிறேன். விண்டோஸிலும், க்னோம் என்ற லினக்ஸ் திரைச்சூழலிலும் சாளரத்துக்குச் சாளரம் விசைமுறையைத் தனித்தனியே வைத்துக்கொள்ளும் அமைப்பு உண்டு. கட்டத்துக்குக் கட்டம் வேண்டும் என்றால் நிரல் எழுதுபவர்தான் செய்ய வேண்டும்.

நீள வரம்பையும் பார்க்க வேண்டும். மீனாட்சிசுந்தரம் என்பது நம் கண்ணுக்கு 9 எழுத்து. யூனிகோடில் 16 குறியீடுகள். இருபது போதும் என்று வரம்பு வைத்தால் தந்தை பெயரோடு எழுதும் ஆசிரியர் பாதியில் வெட்டுப்படுவார். வரம்பை எடுத்தே விட்டேன்.

பேக்ஸ்பேஸை மட்டும் நான் தொடவில்லை. ‘கோ’ என்று விழுந்த பிறகு அதைத் தட்டினால் கொம்பும் காலும் போய் ‘க’ நிற்கும்; டெலீட் தட்டினால் அடுத்துள்ள எழுத்து முழுவதும் போகும். எல்லாவற்றையும் ஒரேயடியாக அழிக்கும்படி மாற்றட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். “வேண்டாம்பா, பாதி தப்புக்கு எதுக்கு முழுசா அடிக்கணும்?” என்றார்.